எக்ஸ்-மென் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "நண்பர்களோடு 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' பார்த்தேன். ஒவ்வொரு ஆளாகத் திரையில் வரும்போது மற்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். எனக்கு ஒருவரையும் தெரியவில்லை. எக்ஸ்-மென் படங்களை முதலிலிருந்து பார்த்துவிடலாம் என்று தேடினால், ஒரு பட்டியல் 2000-ல் வந்த படத்தில் தொடங்கச் சொல்கிறது. கதை 1845-ல் ஆரம்பிப்பதால் 'ஆரிஜின்ஸ்' தான் முதல் என்கிறது இன்னொன்று. மூன்றாவது பட்டியல் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்கிறது. எது சரி? எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டுமா? தொடர்களும் பார்க்க வேண்டுமா?"

முதலில் நேரடியான பதில். படங்கள் வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள். அதில் இரண்டு மாற்றங்கள் மட்டும் செய்துகொள்ளுங்கள். 'டார்க் ஃபீனிக்ஸ்' படத்தை 'லோகன்' படத்துக்கு முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். டெட்பூல் படங்கள் அத்தனையையும் 'லோகன்' படத்துக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள்.

அதாவது: 'எக்ஸ்-மென்' (2000), 'எக்ஸ்2' (2003), 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' (2006), 'எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்' (2009), 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' (2011), 'தி வுல்வரின்' (2013), 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' (2014), 'அப்போகலிப்ஸ்' (2016), 'டார்க் ஃபீனிக்ஸ்' (2019), 'லோகன்' (2017). அப்புறம் 'டெட்பூல்' (2016), 'டெட்பூல் 2' (2018), 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' (2024). 'தி நியூ மியூட்டன்ட்ஸ்' (2020) என்று ஒன்று மிச்சம் இருக்கிறது. அது எதோடும் ஒட்டாத தனிப்படம், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம்.

ஏன் இந்த வரிசை என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் உங்கள் வசதிக்கு எதை வெட்டலாம், எதைக் கூடாது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கதை நடக்கும் வருஷத்தை வைத்து அடுக்குகிற பட்டியல்கள் எக்ஸ்-மென் விஷயத்தில் ஏன் வேலை செய்யாது என்பதிலிருந்து தொடங்குவோம். வேறு சில நீண்ட படத்தொடர்களில் அப்படி அடுக்கிப் பார்ப்பது ஒரு சுவாரசியமான விளையாட்டு. இங்கே அது முடியவே முடியாது, ஏனென்றால் இந்தக் கதைக்கு ஒரே ஒரு காலக்கோடு கிடையாது. 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' படத்தில் 2023-ல் மியூட்டன்ட்கள், அதாவது பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட மனிதர்கள், அழிவின் விளிம்பில் நிற்கிறார்கள். வுல்வரினின் மனத்தை மட்டும் 1973-ல் இருக்கும் அவனுடைய உடலுக்குள் அனுப்பி, அழிவுக்குக் காரணமான ஒரு சம்பவத்தைத் தடுக்கப் பார்க்கிறார்கள். அந்த 1973-லிருந்து வரலாறு வேறு பாதையில் போகிறது. அதனால் 1973-க்கு முன்னால் நடந்தவை இரண்டு பாதைகளுக்கும் பொது. 1962-ல் நடக்கும் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' அப்படி. 1973-க்குப் பிறகு நடந்ததாக முதல் மூன்று படங்களில் நாம் பார்த்தவை பழைய பாதை. 1983-ல் நடக்கும் 'அப்போகலிப்ஸ்', 1992-ல் நடக்கும் 'டார்க் ஃபீனிக்ஸ்' இரண்டும் புதிய பாதை.

இப்போது வருஷப்படி அடுக்கிப் பாருங்கள். 1962 முடிந்ததும் இரண்டாவதோ மூன்றாவதோ படமாக 1973-ல் நடக்கும் 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' வந்து நிற்கும். படம் தொடங்குவதோ 2023-ல். நீங்கள் அதுவரை பார்த்தே இராத ஸ்டார்ம், கிட்டி, ஐஸ்மேன் எல்லாரும் திரையில் உயிருக்குப் போராடுவார்கள். உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. அதற்குப் பிறகு 1983, 1992 என்று புதிய பாதையில் போய்விட்டு, அடுத்து 2000-ல் வந்த படத்தைப் போட்டால், அழிந்துபோன பாதைக்குத் திரும்பி வந்திருப்பீர்கள். அதே பெயர்கள், வேறு முகங்கள், வேறு நிகழ்வுகள். பார்க்கிறவர் பாதியில் விட்டுவிடுவார்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தப் படங்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே வளர்ந்தவை. பின்னால் வந்த படம், முன்னால் வந்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எடுக்கப்பட்டிருக்கிறது. கதை எந்த வருஷத்தில் நடந்தால் என்ன, பார்வையாளருக்கு எது எப்போது தெரியவருகிறது என்பதுதான் கணக்கு.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். 2000-ல் வந்த முதல் படத்தின் தொடக்கம் 1944, போலந்து, நாஜி வதைமுகாம். மழை. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுகிற ஒரு சிறுவன் கதறுகிறான், இரும்புக் கதவு தானாக வளைகிறது, ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவனை அடித்து வீழ்த்துகிறான். காட்சி அங்கே நின்றுவிடுகிறது. உலோகத்தை ஆட்டிவைக்கும் சக்தி கொண்ட அந்தச் சிறுவன்தான் மேக்னீட்டோ. அப்புறம் படம் முழுக்க அவரை இயன் மெக்கெல்லன் முகத்தில், வயதான, கம்பீரமான எதிரியாகப் பார்க்கிறோம். அந்த மழைக்காட்சி மனதில் இருப்பதால் அவரை முழுதாக வெறுக்கவும் முடிவதில்லை. பதினொரு வருஷம் கழித்து 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' அதே காட்சியோடு தொடங்குகிறது. இந்த முறை அடி விழுந்ததோடு முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த முகாமில் ஓர் அறைக்குள், ஒரு நாணயத்தை முன்வைத்து என்ன நடந்தது என்று காட்டுகிறது. முதல் படத்தைப் பார்த்தவருக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசையும். 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' படத்தில் தொடங்குகிறவருக்கு அது ஒரு நல்ல தொடக்கக் காட்சி மட்டும்தான்.

சதுரங்கமும் அப்படித்தான். முதல் படத்தின் இறுதியில் பிளாஸ்டிக் சிறைக்குள், எக்ஸ்-மென் கூட்டத்தின் தலைவரான சார்லஸ் சேவியரும் மேக்னீட்டோவும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறார்கள். ஒருவரை ஒருவர் தோற்கடிக்க நினைக்கும் இரண்டு கிழவர்கள் ஏன் இவ்வளவு பிரியத்தோடு ஆடுகிறார்கள் என்ற கேள்வி உங்களுக்குள் விழ வேண்டும். 1962-ல், பெரிய மோதலுக்கு முந்திய இரவில், இளம் சேவியராக ஜேம்ஸ் மெக்கவாயும் இளம் மேக்னீட்டோவாக மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் அதே பலகையின் முன் உட்காரும்போதுதான் அதற்குப் பதில் கிடைக்கிறது. முதலில் கேள்வி, பிறகு பதில். பதிலை முன்னால் கொடுத்துவிட்டால் கேள்வியே பிறக்காது. இந்த இருவரின் நட்புதான் இந்தப் படத்தொடரின் முதுகெலும்பு என்பது என் உறுதியான கருத்து. வுல்வரின் அதன் முகம்.

'ஃபர்ஸ்ட் கிளாஸ்' படத்தில் ஒரு மதுக்கூடத்தில் சில விநாடிகள் மட்டும் தலைகாட்டி ஒரே ஒரு வரி பேசிவிட்டுப் போகிற ஆள் ஒருவர் இருக்கிறார். முந்திய படங்களைப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பார்க்காதவர்களுக்கு அவர் யாரோ ஒரு முரட்டு ஆசாமி.

சரி, படம் படமாக வருகிறேன்.

முதல் 'எக்ஸ்-மென்' இன்று பார்த்தால் சின்னதாகத் தெரியும். சண்டைகள் குறைவு, கறுப்புத் தோல் உடைகள், ஓட்டமும் கொஞ்சம் மெதுவாக இருக்கும். ஆனால் சூப்பர்ஹீரோ படங்களைப் பெரிய ஸ்டுடியோக்கள் தயங்கித் தயங்கித் தொட்ட காலம் அது. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963-ல் காமிக்ஸில் உருவாக்கிய கூட்டத்தை, கேலிக்கு இடம் கொடுக்காமல், வேற்றுமைக்காக வெறுக்கப்படும் மனிதர்களின் கதையாக இயக்குநர் பிரையன் சிங்கர் எடுத்தார். வுல்வரினாக முதலில் ஒப்பந்தமானவர் டக்ரே ஸ்காட். அவர் நடித்துக்கொண்டிருந்த 'மிஷன் இம்பாசிபிள் 2' இழுத்துக்கொண்டே போனதால், படப்பிடிப்பு தொடங்கிய பிறகு ஹியூ ஜாக்மன் உள்ளே வந்தார். அப்போது அவரை ஹாலிவுட்டில் அதிகம் பேருக்குத் தெரியாது. இன்று அந்தப் பாத்திரத்தில் வேறொருவரை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். இணைத் தயாரிப்பாளர் பட்டியலில் கெவின் ஃபைகி பெயரும் இருக்கும், பிற்காலத்தில் மார்வெல் ஸ்டுடியோஸின் தலைவரானவர் அவர்தான்.

'எக்ஸ்2' இன்னும் அசரவைக்கும் படம். வெள்ளை மாளிகைக்குள் நைட்கிராலர் புகுந்து விளையாடும் தொடக்கக் காட்சியை இத்தனை வருஷம் கழித்தும் பலரால் தாண்ட முடியவில்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு வரவேற்பறைக் காட்சி. பாபி என்கிற இளைஞன் தான் ஒரு மியூட்டன்ட் என்று பெற்றோரிடம் சொல்கிறான். அப்படி இல்லாமல் இருக்க முயன்று பார்த்தாயா என்று அம்மா கேட்கிறாள். இந்தப் படங்கள் எதைப் பற்றியவை என்பது அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. இந்தப் படத்தைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' சறுக்கல். சிங்கர் விலகி பிரெட் ராட்னர் வந்தார். மியூட்டன்ட் தன்மையைக் குணப்படுத்தும் மருந்து, எக்ஸ்-மென் கூட்டத்தைச் சேர்ந்த ஜீன் கிரே கட்டுக்கடங்காத சக்தியாக மாறும் ஃபீனிக்ஸ் கதை என்று இரண்டு பெரிய கதைகளை ஒரே படத்தில் திணித்தார்கள். இரண்டுக்கும் மூச்சுவிட இடமில்லை. ஆனாலும் பாருங்கள். இதில் நடக்கும் இழப்புகள்தான் 'தி வுல்வரின்' படத்தின் துக்கத்துக்கும், 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' முடிவின் மகிழ்ச்சிக்கும் அஸ்திவாரம். பெயர்ப்பட்டியல் முழுதும் ஓடி முடியும் வரை எழுந்துவிடாதீர்கள். கடைசியில் வரும் சிறு காட்சியைத் தவறவிட்டால் பின்னால் ஓர் இடத்தில் "இவர் எப்படி இங்கே?" என்று குழம்புவீர்கள்.

'ஆரிஜின்ஸ்' எல்லாவற்றிலும் பலவீனமானது. 1845-ல் தொடங்கி, அமெரிக்க உள்நாட்டுப் போர், இரண்டு உலகப் போர்கள், வியட்நாம் என்று வுல்வரினும் அவன் அண்ணனும் போரிட்டுக்கொண்டே போகும் பெயர்ப்பட்டியல் காட்சி மட்டும் பிரமாதம். வுல்வரினின் கடந்த காலம் ஒரு மர்மமாக இருப்பதுதான் முதல் இரண்டு படங்களின் பலம். அவனுக்கே தெரியாததை நமக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் 'எக்ஸ்2' படத்தில் பாதி உயிர் போய்விடும். இதனால்தான் இந்தப் படத்தில் தொடங்கச் சொல்லும் பட்டியலை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் உங்கள் நிலையில் நான் இருந்தால் பார்ப்பேன். ரயன் ரெனால்ட்ஸ் டெட்பூலாக முதலில் வந்தது இதில்தான். ஓயாமல் பேசுவதற்கென்றே பிறந்த அந்தப் பாத்திரத்தின் வாயைத் தைத்துவைத்திருப்பார்கள். அதற்கு அவர் பழிதீர்த்துக்கொள்வதைப் பிறகு 'டெட்பூல் 2' படத்தின் கடைசியில் பார்க்கலாம்.

'ஃபர்ஸ்ட் கிளாஸ்' பற்றி மேலே சொல்லிவிட்டேன். கியூபா ஏவுகணை நெருக்கடியைக் கதைக்குள் இழைத்த விதம், இயக்குநர் மேத்யூ வானின் வேகம், இரண்டு நடிகர்களின் பொருத்தம் எல்லாம் சேர்ந்து, தளர்ந்துபோயிருந்த தொடரை எழுப்பி நிறுத்திய படம். நேராகப் பாருங்கள்.

'தி வுல்வரின்' ஜப்பானில் நடக்கிறது. 1945-ல் நாகசாகியில் தொடங்குகிறது. ஜேம்ஸ் மேங்கோல்ட் இயக்கியது. கடைசி அரை மணி நேரத்தை மன்னித்துவிட்டால் நல்ல படம். 'லாஸ்ட் ஸ்டாண்ட்' நிகழ்வுகளிலிருந்து மீள முடியாத ஒரு மனிதனின் கதை என்பதால் அதற்குப் பின்னால்தான் வர முடியும். பெயர்ப்பட்டியலின் நடுவே வரும் விமான நிலையக் காட்சி நேராக அடுத்த படத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. அதனால் 'தி வுல்வரின்' முடிந்த கையோடு 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' பார்ப்பது சரியான ஜோடி.

இனி அச்சாணிக்கு வருவோம். 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' 1981-ல் கிறிஸ் கிளேர்மான்ட், ஜான் பர்ன் இருவரும் காமிக்ஸில் செய்த கதை. அதில் கடந்த காலத்துக்குப் போவது கிட்டி. படத்தில் வுல்வரினை அனுப்பினார்கள். அவனுக்கு வயது ஏறுவதே தெரியாது என்பதால் 1973-லும் ஜாக்மனே நடிக்க முடியும். இது ஒரு வசதி. ஆனால் அதில் கிடைத்த லாபம் பெரியது. பழைய படங்களின் நடிகர்களும் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' நடிகர்களும் ஒரே படத்தில், ஒரே ஆள் வழியாக இணைகிறார்கள். பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் சேவியரும் மெக்கவாயின் சேவியரும் ஒருவரையொருவர் பார்க்கும் ஒரு காட்சி இருக்கிறது. நம்பிக்கை இழந்த இளைஞனிடம் அதே மனிதன் முதியவனாக வந்து பேசுகிறான். இரண்டு தலைமுறைப் படங்களையும் பார்த்திருந்தால் மட்டுமே அந்தக் காட்சியின் எடை தெரியும். படத்தின் கடைசிச் சில நிமிடங்கள் வசனத்தை நம்பி எடுக்கப்படவில்லை. முகங்களை நம்பி எடுக்கப்பட்டவை. வுல்வரின் ஒரு வீட்டுக்குள் நடந்து போகிறான், கதவுகள் திறக்கின்றன, அவ்வளவுதான். முன்னால் வந்த படங்களோடு வாழ்ந்தவருக்குத் தொண்டை அடைக்கும். வெளியான வரிசையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு முதன்மைக் காரணம் அந்தச் சில நிமிடங்கள்.

'ரோக் கட்' என்று இதன் நீண்ட வடிவம் 2015-ல் வந்தது. முதல் முறை அதை எடுக்காதீர்கள். திரையரங்கில் வந்த வடிவத்துக்குத்தான் ஓட்டம் அதிகம்.

'அப்போகலிப்ஸ்', 'டார்க் ஃபீனிக்ஸ்' இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம். இளம் சேவியர், மேக்னீட்டோ கதை எப்படி முடிகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் தைரியமாக விடலாம். 'டார்க் ஃபீனிக்ஸ்' எழுதி இயக்கிய சைமன் கின்பெர்க்தான் 'லாஸ்ட் ஸ்டாண்ட்' கதையையும் எழுதியவர்களில் ஒருவர். 1980-ல் வந்த அதே காமிக்ஸ் கதையை இரண்டாம் முறையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை படத்தில் தெரிகிறது. ஆனால் முந்திய படத்தில் மட்டுமே அறிமுகமான ஜீனுக்காக நாம் கலங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம். வதைமுகாமில் சிறுவனாக இருந்த மேக்னீட்டோவுக்கு 1992-ல் அறுபதை ஒட்டிய வயது இருக்க வேண்டும். ஃபாஸ்பெண்டரைப் பார்த்தால் நாற்பதுதான் மதிப்பிட முடியும். படக்குழு கண்டுகொள்ளாததை நாமும் கண்டுகொள்ள வேண்டாம்.

இந்தப் படம் 2019 ஜூனில் வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் ஃபாக்ஸ் நிறுவனத்தின் திரைப்படப் பிரிவை டிஸ்னி வாங்கியிருந்தது. தொடர் முடியப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்த நேரம். வெளியான வரிசையை அப்படியே பின்பற்றினால், 'லோகன்' தரும் பெரிய முடிவுக்குப் பின்னால் இந்தச் சோர்ந்த படம் வந்து நிற்கும். கதையும் 1992-ல் நடப்பதால் முன்னால் நகர்த்துவதில் எந்த நஷ்டமும் இல்லை.

'லோகன்' 2029-ல் நடக்கிறது. எந்தக் காலக்கோட்டில் என்று கேட்டால், கேட்காமல் பாருங்கள் என்பேன். மேங்கோல்ட் வேண்டுமென்றே கணக்குகளிலிருந்து விலகி நின்று எடுத்த படம். காயம் ஆறாத வுல்வரின். மூளை நோயால் தன் சக்தியையே கட்டுப்படுத்த முடியாத, தொண்ணூறைத் தொட்ட சேவியர். லாரா என்ற சிறுமி. மூவரும் ஒரு காரில். முதல் படத்தில் பார்த்த அதே இரண்டு நடிகர்கள் 17 வருஷம் கழித்து, நிஜமாகவே மூப்படைந்து நிற்கிறார்கள். ஒப்பனையால் கொண்டுவர முடியாத ஒன்று அது. திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றது, அனிமேஷன் அல்லாத சூப்பர்ஹீரோ படங்களுக்கு அதுவரை கிடைக்காத மரியாதை. இதைத் தனியாகப் பார்த்தாலும் நல்ல படம்தான் என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேவியரைக் குழந்தைபோலத் தூக்கிப் படுக்கவைக்கும் வுல்வரினைப் பார்க்கும்போது, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதல்முறை வந்து எல்லாரையும் முறைத்துக்கொண்டு நின்றவன் உங்கள் நினைவில் இருக்க வேண்டும்.

உங்களுக்கு இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு. 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' தொடங்குவதே 'லோகன்' முடிந்த இடத்தில்தான், அதனால் முக்கியமான ஒரு விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. கவலைப்படாதீர்கள். எங்கே போகிறது என்பது அந்தப் படத்தில் தொடக்கத்திலிருந்தே ஊகிக்கக்கூடியதுதான். எப்படிப் போகிறது என்பதில்தான் அதன் வலிமை.

இதே காரணத்தால்தான் டெட்பூல் படங்களைக் கடைசிக்குத் தள்ளினேன். 'டெட்பூல் 2' எடுத்த எடுப்பிலேயே ஒரு சிறு பொம்மையைக் காட்டி 'லோகன்' முடிவைப் போட்டு உடைத்துவிடும். முதல் டெட்பூலில், தன்னை அழைத்துப்போகப் போவது எந்த சேவியர், மெக்கவாயா ஸ்டூவர்ட்டா என்று கேட்டுவிட்டு, காலக்கோடுகள் குழப்புகின்றன என்று புலம்புவான். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு அந்தப் புலம்பல் உங்களுடையதாகவும் இருக்கும். மூன்று டெட்பூல் படங்களும் 'லோகன்' படமும் பெரியவர்களுக்கானவை. வன்முறையும் பேச்சும் கடுமையாக இருக்கும். சிறுவர்களோடு பார்ப்பதாக இருந்தால் 'டார்க் ஃபீனிக்ஸ்' வரை வந்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர்கள் எதற்கு ஆரவாரம் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைரோவாக வந்தவர் 'எக்ஸ்2', 'லாஸ்ட் ஸ்டாண்ட்' இரண்டிலும் அதே பாத்திரத்தில் நடித்த ஆரன் ஸ்டான்ஃபோர்ட். சேபர்டூத்தாக வந்தவர் 2000-ல் அதைச் செய்த டைலர் மேன். லாராவாக வந்தவர் 'லோகன்' சிறுமி டாஃப்னி கீன். இந்த மூன்று பேரும் நீங்கள் பார்க்கப்போகும் படங்களிலேயே கிடைத்துவிடுவார்கள். மற்றவர்கள் வேறு வீடுகளிலிருந்து வந்தவர்கள்: 1998-ல் வந்த 'பிளேட்' நாயகன் வெஸ்லி ஸ்னைப்ஸ், 2003-ல் வந்த 'டேர்டெவில்' படத்து எலெக்ட்ரா, 2005-ல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படத்தில் ஜானி ஸ்டார்மாக நடித்த கிறிஸ் எவன்ஸ். சானிங் டேட்டம் காம்பிட்டாக வந்ததற்கு ஏன் அவ்வளவு சத்தம் என்றால், அவர் நடிப்பில் ஒரு காம்பிட் படம் பல வருஷம் திட்டமிடப்பட்டு எடுக்கப்படாமலே போனது. இவர்களுக்காகத் தனியாகப் படங்களைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை, தெரிந்துவைத்திருந்தால் போதும். காலக்கோடுகளைக் காவல் காக்கும் அந்த அலுவலகம் 'லோகி' தொடரிலிருந்து வந்தது. அதற்கும் இந்த ஒரு வரி போதும்.

தொடர்கள் பற்றிக் கேட்டீர்கள். 'லீஜன்', 'தி கிஃப்டட்' இரண்டும் 2017-லிருந்து 2019 வரை ஓடின. இரண்டுக்கும் படங்களோடு கட்டாயத் தொடர்பு இல்லை. 'லீஜன்' தன்னளவில் அபாரமான, வினோதமான தொடர். பொறுமை இருந்தால் அதற்காகவே பார்க்கலாம். 'எக்ஸ்-மென் 97' என்பது 1992-ல் தொடங்கிய கார்ட்டூன் தொடரின் தொடர்ச்சி, முற்றிலும் வேறு உலகம். 2022-ல் வந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' படத்தில் ஸ்டூவர்ட் தலைகாட்டுவதும், 2023-ல் 'தி மார்வெல்ஸ்' கடைசியில் பீஸ்ட் வருவதும் வேறு உலகத்துச் சமாச்சாரங்கள்தான். நீங்கள் போகும் வழியில் அவை இல்லை.

அவ்வளவு நேரம் இல்லை என்றால், ஐந்தே படங்கள்: 'எக்ஸ்-மென்', 'எக்ஸ்2', 'ஃபர்ஸ்ட் கிளாஸ்', 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்', 'லோகன்'. இதற்குக் கீழே குறைக்காதீர்கள். ஆறாவதாக ஒன்றைச் சேர்க்க முடிந்தால் 'லாஸ்ட் ஸ்டாண்ட்' சேருங்கள், தரத்துக்காக அல்ல, 2014 படத்தின் முடிவுக்காக.

பார்த்துக்கொண்டே போகும்போது முரண்கள் கண்ணில் படும். ஸ்ட்ரைக்கர் என்ற ஒரே ஆளை மூன்று நடிகர்கள் மூன்று மாதிரி செய்திருப்பார்கள். சேவியர் 1962-லேயே நடக்க முடியாமல் போனார் என்று ஒரு படம் சொல்லும், 'ஆரிஜின்ஸ்' அவரை 1979-ல் நிற்கவைத்திருக்கும். முதல் படத்தில் தனக்குப் பதினேழு வயதில் மேக்னீட்டோவைச் சந்தித்ததாகச் சேவியர் சொல்வார், 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாது. பின்னால் ஏதாவது விளக்கம் வரும் என்று காத்திருக்காதீர்கள், வராது. ஒரே ஆளின் திட்டப்படி எடுக்கப்பட்ட தொடர் அல்ல இது. ஒவ்வொரு இயக்குநரும் தனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனதில் பிடித்ததை எடுத்துக்கொண்டு, பிடிக்காததை ஒதுக்கிவைத்து நகர்ந்திருக்கிறார்கள். அப்படி நகர்ந்ததால்தான் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்', 'லோகன்' மாதிரியான படங்கள் சாத்தியமாயின. தேதிகள் இடிக்கும் இடத்தில் தயங்கி நிற்காமல், சேவியரும் மேக்னீட்டோவும் வுல்வரினும் எப்படி மாறிக்கொண்டே வருகிறார்கள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அந்த நூல் எங்கும் அறுவதில்லை.

ஒரு முறை முழுதும் பார்த்து முடித்த பிறகு, இரண்டாம் சுற்றுக்கு வேண்டுமானால் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' படத்தில் தொடங்கிப் பாருங்கள். மேக்னீட்டோவின் ஒவ்வொரு முடிவும் அப்போது வேறு மாதிரித் தெரியும். அந்தச் சுற்றில் 'ரோக் கட்' வடிவத்தையும், 'லோகன்' படத்தின் கறுப்பு வெள்ளை வடிவத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கறுப்பு வெள்ளை 'லோகன் நுவார்' என்ற பெயரில் கிடைக்கிறது.